வேர்க்காத ஐஸ்

ஐஸுக்கு வேர்க்க வேண்டும். ரத்த வங்கிக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொன்னால், தங்களைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் சங்கதி உண்மை. உறைபெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் பாக்கெட் கருங்கல் மாதிரி விறைத்துக்கொண்டிருக்கும். மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அதை அப்படியே ரத்தப் பையோடு சேர்த்துப் பெட்டியில் அடைத்தால் போச்சு, பையோரத்து ரத்தம் உறைந்துவிடும். உறைந்து இளகின ரத்தம் பார்வைக்கு ரத்தம் போலத்தான் இருக்கும். உடம்புக்குள் ஏற்றினால் ஆளையே சாய்த்துவிடும். அதனால் ஐஸை மேசைமேல் பரப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும். பொடி மறைந்து, மேலே முத்து முத்தாக நீர் கோத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் பெட்டிக்குள் போகலாம்.

ரத்தம் வெயிலில் கெடும் என்பது ஊருக்கே தெரியும். குளிரிலும் கெடும் என்பது அந்தக் கீழ்த்தள அறையில் வேலை பார்க்கிற ஐந்தாறு பேருக்குத்தான் தெரியும்.

"வேர்த்துச்சா?" என்று கேட்டுக் கேட்டே அந்த அறையின் பொறுப்பாளிக்கு வேர்வையக்கா என்று பேர் விழுந்துவிட்டது. லிஃப்ட் ஓட்டுகிறவர் முதல் மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் ஓட்டுகிற கேப்டன் வரை எல்லோருக்கும் அவள் வேர்வையக்காதான். அவளுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட. இத்தனை வருஷத்தில் அவள் கட்டிக்கொடுத்த பெட்டி ஒன்றுகூடக் குளிரில் கெட்டதில்லை.

அவள் வீட்டுக்காரரும் அதே ஆஸ்பத்திரிதான். ஹெலிகாப்டரில் போகிற நர்ஸ். இவள் கீழே கட்டிக்கொடுப்பாள், அவர் மேலே தூக்கிக்கொண்டு பறப்பார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பார்சல் கம்பெனி நடத்துகிறார்கள் என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அதே பேச்சுத்தான்.

"இன்னிக்குப் பெட்டி பச்சையா?"

"பச்சைதான். சோத்தைப் போடு."

பச்சை என்றால், பெட்டிக்குள் ரத்தப் பைகளுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு கருவி இருக்கும். வழி நெடுகச் சூடு குளிரை அளந்துகொண்டே வரும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பச்சை விளக்கு கண் சிமிட்டும். சூடோ குளிரோ எல்லை தாண்டிவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்தாலும் பச்சைக்குத் திரும்பாது.

ஒருமுறை வெயிலில் மாட்டிக்கொண்டு ஒரு பெட்டி சிவப்பாகிவிட்டது. "கொஞ்ச நேரந்தான் தாண்டிச்சு, பை எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று அவர் இழுத்தபோது, அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சிவப்பு எரிஞ்சா எரிஞ்சதுதாங்க. அந்தப் பெட்டியில ஒரு பையக்கூடத் தொடக் கூடாது. இது நல்லாருக்கு அது சொத்தைன்னு கண்ணால பாத்துப் பொறுக்க அது என்ன கத்திரிக்காயா?"

"சரி தாயே, தொடலை. நீ குழம்ப ஊத்து."

அவள் சிரிக்கவில்லை. "சத்தியமா?" என்று கேட்டாள். சோற்றுக் கையைத் தூக்கிக் காட்டி, சத்தியம் என்றார் அவர். வீட்டில் நடந்த எத்தனையோ பேச்சில் இதுவும் ஒன்று என்று அன்றைக்குத் தோன்றியது.

அவளுக்கு ஒரே தங்கை. மலைமேல் சுரங்கத்தை ஒட்டின மேலூர் என்ற சின்ன ஊரில் தையல் கடை வைத்திருந்தாள். புருஷன் சுரங்க லாரி ஓட்டுகிறவன். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து உண்டாகியிருந்தாள். மலையில் நாள் கணக்கில் அடை மழை. பாதை ஓரிடத்தில் சரிந்து விழுந்து, வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கத்தது அந்தப் பக்கமும் இந்தப் பக்கத்தது இந்தப் பக்கமுமாக நின்றுவிட்டன. தங்கை புருஷனின் லாரி கீழ்ப் பக்கம் மாட்டிக்கொண்டது. மேலே தங்கைக்கு வலி கண்டுவிட்டது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். நீ பயப்படாதே. நான் பயப்படலை" என்று காலையில் ஃபோன் பண்ணியிருந்தாள். பயப்படவில்லை என்று சொல்கிற குரலா அது. வேர்வையக்காவுக்கு அதற்கப்புறம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மலைக்குக் கீழே, ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில், மழையின் வாடையே இல்லை. புழுக்கமென்றால் அப்படி ஒரு புழுக்கம். காலையிலேயே ஒரு சாலை விபத்துக்குப் பெரிய பெட்டி போயிற்று. எப்போதும் வேர்க்கவைத்துத் தயாராக இருக்கிற ஐஸ் அத்தனையும் அதில் போய்விட்டது. அவள் புதிதாக எடுத்து மேசையில் பரப்பினாள். பரப்பிக் கையை ஈரம் போகத் துடைக்கக்கூட இல்லை, ஃபோன் அடித்தது.

மேலூர் ஆஸ்பத்திரி. பிரசவம் ஆகிவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. அங்கே இருந்த இரண்டு பையும் தீர்ந்துவிட்டது. நான்கு பை உடனே வேண்டும். ஃபோனில் பேசின பையன் ரத்த வகையைச் சொன்னான், வயதைச் சொன்னான். "லாரிக்காரரோட சம்சாரமாம், டெய்லர்" என்றான். அந்த ஊரில் எத்தனை டெய்லர் இருந்துவிட முடியும்.

அதை வைத்ததும் மாடியிலிருந்து அடுத்த ஃபோன். "அக்கா, மலையில மேகம் எறங்குது. இப்பவே கெளம்பினா உண்டு, இல்லைன்னா இன்னிக்குப் போக முடியாதுன்னு கேப்டன் சொல்றார். பெட்டி ரெடியா?"

"ரெடி பண்றேன்" என்றாள்.

மேசைமேல் ஐஸ் வெள்ளைப் பொடியோடு கல்லாகக் கிடந்தது.

அந்த நேரத்தில் அவள் செய்திருக்க வேண்டியது என்ன என்று பின்னால் நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். ஐஸே இல்லாமல் அனுப்பியிருந்தால் போதும். மலைக்குப் பறக்கிற தூரம் குறைவு, பெட்டிச் சுவர் கனம். குளிர்ந்த ரத்தம் குளிர்ந்தபடியே போய்ச் சேர்ந்திருக்கும். இதை அவளே புதிதாக வருகிறவர்களுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறாள். வேறு யாருடைய தங்கையாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள். தன் தங்கையாகப் போனதால் வெறும் பெட்டியை அனுப்ப மனசு வரவில்லை. அறையின் புழுக்கம் வேறு உடம்பெல்லாம் கசகசத்தது. மேலே போகிற வரைக்கும் தாங்குமா, தாங்குமா என்று அதுவே மண்டைக்குள் ஓடிற்று.

கீழே இரண்டு ஐஸ் வைத்தாள். அதன்மேல் அட்டை, அட்டைமேல் பைகள். மேலே இன்னொன்று வைத்தாள். பந்தியில் வேண்டியவர்களுக்கு ஒரு கரண்டி கூடப் போடுவதில்லையா, அப்படித்தான். மூடி மூடவில்லை. ஐஸும் பையும் ஒட்டாமல் இருக்கப் போட்டிருந்த அட்டையை உருவினாள். மூடிக்கொண்டது.

வீட்டுக்காரர் படியிறங்கி ஓடி வந்தார். ரத்தம் யாருக்கு என்று அவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டவர், வாசலில் நின்று பழக்க தோஷத்தில் கேட்டார்.

"வேர்த்துச்சா?"

"வேர்த்துச்சு, போங்க" என்றாள்.

போகிற வழியில் வேர்த்துவிடும் என்று அவள் அப்போது நம்பினாள். நம்பினாளா, நம்ப ஆசைப்பட்டாளா என்பது வேறு விஷயம். மாடியில் இறக்கை சுழலுகிற சத்தம் கட்டிடம் முழுக்க அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இல்லாமல் போயிற்று. மேசையில் மிச்சமிருந்த ஐஸை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அதில் பொடி மறைந்து முதல் நீர்த்துளி கோக்க வெகு நேரம் பிடித்தது. உடனே ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். வானத்தில் இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு. சொன்னால் திரும்பி வந்துவிடுவார்களோ என்று ஒரு பயம்.

மத்தியானத்துக்கு மேல் அவரே பேசினார்.

"பொண்ணு பொறந்திருக்கு. நல்லா இருக்கு. உன் தங்கச்சியும் பொழச்சுக்கிட்டா."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ரத்தம் ஏத்தினாங்களா?"

"சிவப்பு எரிஞ்சுதும்மா" என்றார்.

சூட்டில் எரிந்ததா குளிரில் எரிந்ததா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததே அவருக்குப் பதிலாகப் போயிற்று.

ரத்தம் இருந்திருந்தால் மேலூர் டாக்டரம்மா மருந்து கொடுத்துக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருப்பார். ரத்தம் இல்லாமல் பொறுத்திருக்க முடியாது. உயிரா கர்ப்பப்பையா என்று வந்தபோது கர்ப்பப்பையை எடுத்துவிட்டார். மேகம் விலகினதும் தாயையும் பிள்ளையையும் ஹெலிகாப்டரிலேயே கீழே கொண்டுவந்தார்கள். இறக்கி வைத்தபோது தங்கை கண் மூடிக் கிடந்தாள், உதடு வெளுத்து. வேர்வையக்கா அவள் காலைத் தொட்டுப் பார்த்தாள். பாதம் சில்லென்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. அன்றைக்கே பெரிய டாக்டரிடம் போய், "ஐஸ் வேர்க்கலை சார். வேர்த்துச்சுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் தலைகுனிந்தாள். கண்டித்தார்கள், கொஞ்ச நாள் பெட்டி கட்டக் கூடாது என்றார்கள், திரும்பப் பழக்கினார்கள். எல்லாம் நியாயம். வேலை போகவில்லை. பேர்தான் போயிற்று. அதற்குப் பிறகு யாரும் அவளை வேர்வையக்கா என்று கூப்பிடவில்லை. கேப்டன்கூட, "மேடம் இருக்காங்களா?" என்று கேட்டார். கிண்டல் பண்ணினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டில்தான் வாய் வரவில்லை. மலைப்பாதை இன்னும் சரியாகாததால், தையல் ஆறும் வரை தங்கையும் குழந்தையும் இங்கேதான். மகன் வெளியூரில் படிக்கிறான். அவன் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். தங்கை புருஷன் வந்த அன்றைக்குக் கூடத்தில் நின்றுகொண்டே கேட்டான்.

"ரத்தம் எப்படிண்ணே கெட்டுச்சு?"

வேர்வையக்கா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"வெயில்தான். மாடியில பெட்டிய வச்சுட்டுக் கேப்டன்கிட்டப் பேசிட்டிருந்துட்டேன். கவனிக்கலை சகலை."

"கவனிக்கலையா." அவன் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னான். "உங்க கொழுந்தியாளுக்குப் போற ரத்தம்ணே."

"தப்புத்தான்."

அவனுக்கென்று போட்ட டீயை அவன் தொடவில்லை. அன்றையிலிருந்து அவரோடு பேச்சில்லை. தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவர் அறைப் பக்கம் வந்தால் குழந்தையை மறைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் காய்கறி வாங்கி வருவார், துணி காயப்போடுவார், குழந்தை அழுதால் வாசல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று ஒருநாள் பாத்திரம் கழுவும்போது கேட்டாள் அவள்.

"அவளுக்கு ஒரே அக்கா. அத்தான் மேல கோபம்னா நாலு நாள்ல போயிடும்."

"நான் சொல்லிடறேன்."

"இப்ப வேணாம். பச்சை ஒடம்பு. தையல் ஆறட்டும்."

தட்டைக் கழுவி அவர் கையில் கொடுத்தாள். அவர் துடைத்து அடுக்கினார். அடுக்கிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"நடுவுல ரெண்டு பை நல்லாத்தான் இருந்துச்சும்மா. ஓரத்துப் பை ரெண்டும் வெறைச்சிருந்துச்சு. நடுவுல இருந்ததத் தொட்டுப் பாத்தேன், கொழகொழன்னு சரியா இருந்துச்சு. அந்த டாக்டரம்மா என் மொகத்தையே பாத்துச்சு. நீங்க சொல்லுங்க, ஏத்தலாமான்னு கேட்டுச்சு."

அவள் குழாயை மூடினாள்.

"சிவப்பு எரியுது, ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"நீங்க செஞ்சது சரிங்க. நல்லாருக்கற மாதிரிதான் இருக்கும். ஏத்தியிருந்தா உசுருக்கே ஒலை வச்சிருக்கலாம்."

"சரிதான். நீ சொல்லிக் குடுத்ததுதானே." துணியை உதறிக் கம்பியில் போட்டார். "தூக்கம்தான் வர மாட்டேங்குது."

அந்த இரண்டு பையும் நல்லதாக இருந்ததா இல்லையா என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவற்றை அன்றைக்கே எரித்துவிட்டார்கள். தன் தவறுக்குத் தானே அழலாம். சரியாகச் செய்த மனுஷன் இப்படி உருகுவதற்கு என்ன ஆறுதல் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தையல் ஆறிற்று. பால் வற்றிவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்ச நாள் தள்ளினாள். குழந்தைக்குச் சளி என்று இன்னும் கொஞ்சம். சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுவதற்கு வீட்டில் காரணத்துக்கா பஞ்சம். இதற்கிடையில் தங்கைக்குக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்பதால், குழந்தை அழுகிறபோதெல்லாம் வேர்வையக்காதான் தொட்டிலிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். வேலைக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதுதான் வேலை. குழந்தையும் அவள் கை வாசனைக்கு அழுகையை நிறுத்தப் பழகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை ஓய்ந்து வெயில் மண்டையைப் பிளந்தது. பாதை திறந்துவிட்டது, அடுத்த நாள் கூட்டிப்போக வருவதாகத் தங்கை புருஷன் சொல்லியிருந்தான். முட்டை வேகவைத்து, ரசம் மாதிரி ஏதோ ஒன்றை அவசரமாகக் கூட்டி, மூன்று பேரும் சாப்பிட்டார்கள். மூன்று பேரும் என்றால், அக்காவும் தங்கையும் மேசையில், வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் படியில். தங்கை இருக்கிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் விட்டு ரொம்ப நாளாயிற்று.

தங்கை கொஞ்சம் தெளிந்திருந்தாள். குழந்தையின் சட்டைக்குத் தானே ஒரு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? ரெண்டாவதும் பொண்ணாப் பொறக்கணும்னு நெனச்சிருந்தேன்."

"ம்."

"ஆம்பளப் புள்ள வேணும்னு அவருக்கு ஆசை. எனக்கு இல்லை. இவளுக்கு ஒரு தங்கச்சி வேணும். ஒண்ணுன்னா ஓடி வர ஒருத்தி. நம்ம ரெண்டு பேரும் இல்லையா, அந்த மாதிரி." நூலைப் பல்லால் கடித்தாள். "நீ பாத்துப் பாத்துக் கட்டியிருப்பே. எனக்குத் தெரியாதா? எனக்குப் போற பெட்டிய நீ எப்படிக் கட்டியிருப்பேன்னு. அதக் கொண்டுபோய் வெயில்ல போட்டுட்டாரு இந்த மனுஷன்."

படியில் தட்டின் சத்தம் நின்றது.

தங்கை எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தாள். மேலே ஐஸ் தட்டில் தண்ணீர் பாட்டில் ஒன்று விறைத்துக் கல்லாக இருந்தது. அதை எடுத்து வந்து மேசையில் தட்டினாள். மூடியைத் திருகி, கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

"அப்படியே கன்னத்துல வச்சுக்கறேன், என்ன புழுக்கம் இது."

"வைக்காதே, சுட்டுடும். வேர்க்கட்டும்."

"எது வேர்க்கட்டும்?"

"ஐஸ்தான்." சொல்லிவிட்டு வேர்வையக்கா தன் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டாள். "வேர்க்காத ஐஸு ரத்தத்தக் கெடுத்துடும்மா. வெயில் இல்லை. உன் ரத்தம் வெயில்ல கெடலை."

தங்கை பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"வெறைச்ச ஐஸை எடுத்து நான்தான் வச்சேன். ரெண்டு போதாதுன்னு இன்னொண்ணு வச்சேன். மூடி மூடலைன்னு நடுவுல இருந்த அட்டைய உருவினேன். வேர்த்துச்சான்னு உங்க அத்தான் கேட்டாரு. வேர்த்துச்சுன்னு பொய் சொன்னேன். அவரு பெட்டியக் கீழயே வைக்கலை. மடியில வச்சுக்கிட்டே போனாராம்."

தங்கை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று வேர்வையக்கா எதிர்பார்த்தாள், திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். தங்கை ஊசியைச் சட்டையில் குத்தி, சட்டையை மடித்து, ஓரமாக வைத்தாள்.

"ஒரு மாசம்" என்றாள். "ஒரு மாசமா என் தலையப் பின்னி விட்டே."

"உன் ஒடம்பு தேறட்டும்னு..."

"அவருகிட்ட மொகங்குடுத்துக்கூடப் பேசலை நான். அதையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே."

ஐஸுக்கு ஒரு காரணம் சொல்லலாம், பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்று சொல்லலாம். இந்த ஒரு மாதத்துக்கு என்ன காரணம் சொல்ல முடியும்.

உள்ளே குழந்தை சிணுங்கி, சிணுங்கல் அழுகையாயிற்று. வேர்வையக்கா பழக்கத்தில் எழுந்தாள். இரண்டடி வைத்திருப்பாள்.

"நீ இரு" என்றாள் தங்கை.

குரலில் கோபம்கூட இல்லை. கடைக்கு வந்த யாரோ ஒருவரிடம் சொல்கிற மாதிரி இருந்தது. தங்கை மெல்ல எழுந்து, வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பினாள்.

"அத்தான்."

படியில் அவர் அசையாமல் இருந்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறாளா என்று தெரியாத மாதிரி.

"அத்தான், பாப்பா அழுவுறா. எனக்குக் குனிய முடியலை. கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

அவர் தட்டை அங்கேயே வைத்துவிட்டு, கையைக் கழுவி, வேட்டியில் இரண்டு மூன்று தரம் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மனைவியைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றார். அவள் போகச் சொல்லித் தலையசைத்தாள். தங்கையும் அவர் பின்னால் உள்ளே போனாள். மகன் அறைக்குள் தொட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. "என்னடா, என்னடா தங்கம்" என்று அவர் பயந்து பயந்து பேசுகிற சத்தமும், அதற்கப்புறம் தங்கை முதல்முறையாக உடைந்து அழுகிற சத்தமும் கேட்டன. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

வேர்வையக்கா நடுக்கூடத்தில் நின்றாள். எடுக்கப் போன கை இரண்டும் இன்னும் முன்னால் நீண்டபடியே இருந்தன. மேசையில் பாட்டில் வேர்க்கத் தொடங்கியிருந்தது. முத்து முத்தாக நீர் கோத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பலகையில் வழிந்து, மடித்து வைத்த சின்னச் சட்டையை நோக்கி ஓடிற்று. அவள் சட்டையை எடுத்து நனையாத பக்கம் வைத்தாள். பாட்டிலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் தளும்பிற்று.